அண்ணியின் வலது பக்கம்

என் அண்ணியைப் பற்றி யாராவது, "பாவம், ஏதோ பல் செட் கட்டுற லேப்ல வேலை பாக்குறாங்க" என்று இழுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பாவமாவது ஒன்றாவது! பதினான்கு வருடத்தில் அண்ணி கட்டிய பல் செட் ஒன்றுகூட "குத்துது, கழலுது" என்று திரும்பி வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற வயதானவர்களில் பாதிப்பேர் அண்ணியின் கைவேலையைத்தான் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

இதைச் சொல்கிற நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்குப் புகழ்ச்சி வருகிறது என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் பட்டாசு. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. வரிசையில் நடுவில் நுழைகிறவர்களிடம் நான் பேசுவதை ஒருநாள் நின்று கேட்டுவிட்டு அண்ணன் வைத்த பெயர் அது. அவர்கள் குடியிருப்பது மேல்மாடி, நானும் என் வீட்டுக்காரரும் கீழே. அவர்கள் வீட்டில் நாற்காலி நகர்ந்தால்கூட எனக்குக் கேட்கும்.

அண்ணன் ஒரு பெரிய கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன். முப்பது அடி உயரத்தில் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துகொண்டு, வலது கையில் லீவரைப் பிடித்திருப்பான். லீவரின் தலையில் ஒரு ஸ்விட்ச். கட்டைவிரலால் அதை வலப்பக்கம் சாய்த்தால் கொக்கி மேலே ஏறும், இடப்பக்கம் சாய்த்தால் இறங்கும். இருபது வருடமாக அந்தக் கேபின்தான் அவனுக்கு எல்லாம். கீழே இருக்கும்போது அவன் கொஞ்சம் தடுமாறுகிற ஆள். மேலே ஏறிவிட்டால் ராஜா.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே அவர்கள் வீட்டில் போட்டுவைத்திருந்த என் பீரோவை மாடிப்படியில் இறக்க உதவிக்கு வந்தான். பீரோ கதவின் கண்ணாடி உடைந்து அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது. என் பீரோ. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

நரம்பை டாக்டர் தைத்தார். "நரம்பு வளர்ந்து வர மாசக்கணக்குல ஆகும். சிலருக்கு மாறி ஒட்டிக்கும். ஒரு பக்கம் நினைப்பீங்க, விரல் வேற பக்கம் போகும். கைக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார். கம்பெனியும் ஒரு தேதி சொல்லிவிட்டது. அன்றைக்குக் கேபினில் ஏற்றிப் பார்ப்பார்கள். சரியாக ஓட்டினால் பழைய வேலை. இல்லாவிட்டால் வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை.

கைக்கு வேலை கொடு என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு ரப்பர் பந்து. அண்ணன் இரண்டு நாள் அமுக்கினான். மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை. எதைத் தொட்டாலும் பஞ்சைத் தொடுவது போல இருக்கிறது என்பான். வலது கை எந்நேரமும் சட்டைப்பைக்குள். யாராவது கை குலுக்க வந்தால் தலையை மட்டும் ஆட்டுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தை எடுத்து அவன் தலையிலேயே எறியலாமா என்றுகூட நினைத்தேன்.

அண்ணி கோபப்படவில்லை. "வேலைன்னு சொன்னா அந்தக் கை செய்யாது. கைக்கே தெரியாம வேலை வாங்கணும்" என்றார்.

அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதிலும் அவனுக்கு ஒரு கேம் பைத்தியம் உண்டு. ஒரு குள்ளமான ஆள் கையில் விளக்கோடு கோபுரம் ஏறுவான். வலது பொத்தானை அமுக்கினால் குதிப்பான், இடது பொத்தானை அமுக்கினால் கல் எறிவான். அவ்வளவுதான் கேம். அதை ஓட்டும் மெஷின் என்றைக்கோ செத்துப்போயிற்று. கேம் இருக்கும் கேசட் மட்டும் ஒரு செருப்பு டப்பாவில் இருந்தது. அண்ணி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஃபோன் ரிப்பேர் கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கடைக்காரர் உள்ளங்கை அளவில் ஏழு கேம் மெஷின்களைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். "இதுல அஞ்சாயிரம் கேம் இருக்கு மேடம்."

"எங்களுக்கு ஒண்ணு போதும்" என்றார் அண்ணி.

"புது மெஷின்ல பழைய கேசட் கேம் எப்படிங்க ஓடும்?" என்று நான் கேட்டேன்.

"எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கும்மா. அது பழைய மெஷின் மாதிரியே நடிக்கும். கேமும் நம்பிடும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் பொறுமைசாலியாக நடிப்பேனே, அந்த ரகம்.

அண்ணி செய்த காரியத்தைப் பார்த்துக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். கைப்பையிலிருந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்தார். தன் வலது கட்டைவிரலில் தடிமனாகச் சுற்றினார். அண்ணனுக்கு எப்படி மரத்துப்போயிருக்கிறதோ அப்படி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக அமுக்கிப் பார்த்தார். ஒன்றில் பொத்தான் கல்லாக இருந்தது. இரண்டில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. விலை உயர்ந்தது என்று கடைக்காரர் தூக்கிப் பிடித்ததை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கினார்.

"இது அமுக்கினதுக்கப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் குதிக்குது."

"கண்ணிமைக்கிற நேரம்தான் மேடம். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"அவர் கவனிப்பார். ஏற்கெனவே தன் கையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கார். மெஷின் தயங்கினாலும் கைதான் தயங்குதுன்னு நினைச்சுப்பார்."

கடைசியில் ஏழையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கிற குடலை மட்டும் தனியாக வாங்கினார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு திரை, பேட்டரி, ஒரு கை நிறையச் சின்னச் சின்ன ஸ்விட்ச். கேசட்டில் இருந்த கேமைக் கடைக்காரர் ஏதோ கருவியில் செருகிப் படித்து, ஒரு கார்டில் ஏற்றிக் கொடுத்தார். வீட்டிலேயே கேம் மெஷின் கட்டுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையக் குழுவில் அண்ணி சேர்ந்துகொண்டார். அங்கே அவர் பெயர் 'பல்செட்'. எந்த ஒயர் எங்கே போகும், எமுலேட்டரைத் தயங்காமல் ஓடவைப்பது எப்படி என்று எல்லாவற்றையும் அங்கேதான் கேட்டுக்கொண்டார். அவர்கள் அண்ணியைப் பல் போன ஒரு தாத்தா என்று நினைத்து ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்களாம்.

அப்புறம் ஒரு மாதம் மேல்மாடி சமையலறை லேப் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்விட்சையும் சமையலறைத் தராசில் வைத்து அமுக்கி, எது எத்தனை கிராமில் அமுங்குகிறது என்று எழுதிவைத்தார். முதலில் பூப்போல அமுங்குவது, விரலுக்குத் தெம்பு வர வரக் கெட்டியானதை மாற்றுவது என்று திட்டம். ஒருநாள் அண்ணன் கையில் வெதுவெதுப்பான மெழுகுக் கட்டியைக் கொடுத்து, "கெட்டியாப் பிடிங்க. விடாதீங்க. பேசாதீங்க" என்றார்.

"கையில பிடிச்சா வாய் ஏன் பேசக்கூடாது?"

"பழக்கம். அளவு எடுக்கும்போது எல்லார்கிட்டயும் அதான் சொல்வேன்."

அந்த மெழுகு அச்சிலிருந்து பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே பிளாஸ்டிக்கில் பெட்டியை வார்த்தார். அதனால் பெட்டி ஈறு நிறத்தில் இருந்தது. பளபளவென்று, இளஞ்சிவப்பாக. "அண்ணே, தூங்கும்போது பக்கத்துல வைக்காதே, கடிச்சுடும்" என்றேன். அவனும் சிரித்தான். ஆனால் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் விரல் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மரத்துப்போன கட்டைவிரல் வழுக்காமல் இருக்க ஒரு குழி, அதன் மேல் ஒரு மூடி; உள்ளே விரல் எந்தப் பக்கம் போகிறது என்று வெளியே தெரியாது. குழிக்குள் விரலை நுழைத்து வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்த்தால் போதும். கிரேன் லீவரில் செய்கிற அதே வேலை. அப்போதுதான் எனக்கு அண்ணியின் முழுத் திட்டமும் புரிந்தது. அடேயப்பா!

அண்ணன் விளையாட உட்கார்ந்தால் அண்ணி அந்த அறைப்பக்கமே போகமாட்டார். பார்த்துக்கொண்டு நின்றால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று. குள்ளன் கோபுரத்திலிருந்து விழும் சத்தம் மட்டும் எனக்குக் கீழே கேட்கும். டொய்ங். டொய்ங். ஒரு நாளைக்கு நூறு தடவை விழுவான். பத்து நாள் கழித்துச் சத்தம் நின்றது. தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் கீழே வந்தான். இடது கையால் கோழி கிளறியது போல எழுதிய ஒரு தாளை என் முன் வைத்தான்.

"நீ நல்லா எழுதுவே. இதைத் திருத்தி எழுதிக் கொடு."

கம்பெனிக்குக் கடிதம். தேர்வுக்கு வரவில்லை, வாசல் வேலையே போதும் என்று.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

"கத்தாதே. நரம்பு மாறித்தான் ஒட்டியிருக்கு. பத்து நாளாப் பாத்துட்டேன். குதிக்க நினைச்சா கல்லு எறியுது, கல்லு எறிய நினைச்சா குதிக்குது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். லோடை மேலே தூக்குறேன்னு நினைச்சு கீழே இறக்கிட்டேன்னு வை. கீழே ஒரு ஆள் நிப்பான்."

நான் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"அவகிட்ட இப்பச் சொல்லாதே. எவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கா. அந்தச் சாமான்ல ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான்" என்று சொல்லிவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணி லேப்பில் இருந்தார். மேலே போனேன். அந்த ஈறு நிறப் பெட்டி ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் இருந்தது. எல்லாம் இதனால்தான் என்ற ஆத்திரத்தில் அதை எடுத்து, கட்டைவிரலைக் குழிக்குள் விட்டேன். எனக்கு அது தொளதொளவென்று இருந்தது. குள்ளன் வந்து நின்றான். முன்னால் ஒரு பள்ளம். வலப்பக்கம் சாய்த்தேன். குதிப்பதற்குப் பதிலாகக் கல்லை எறிந்தான். டொய்ங்.

நான்தான் தப்பாக அமுக்கினேன் என்று மறுபடி அமுக்கினேன். வலப்பக்கம், கல். இடப்பக்கம், குதித்தான். ஐந்து தடவை பார்த்தேன். எனக்கு எந்த நரம்பும் அறுபடவில்லையே!

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அண்ணியிடம் ஒரு குறை கண்டுபிடித்த நாத்தனாரின் சந்தோஷம். அடுத்த நிமிடமே அண்ணனின் கடிதம் நினைவுக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் லேப்புக்கு ஓடினேன்.

லேப் என்றால் ஒரே அறைதான். அலமாரி முழுக்க பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி. பாலிஷ் போடும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அண்ணி முகமூடியை இறக்கிவிட்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடிதத்தையும் படித்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து பெட்டிக்கு அவர் போட்ட படத்தை எடுத்தார். இரண்டு பொத்தான். ஒன்றின் மேல் 'வ', இன்னொன்றின் மேல் 'இ'.

முகத்தில் ஈயாடவில்லை. "எங்க வேலையில வலதுன்னா எங்களுக்கு வலது கிடையாது" என்றார். "எதிர்ல வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கிறவரோட வலது. அது எனக்கு இடது பக்கம் வரும். பதினாலு வருஷமா அப்படியே எழுதி எழுதி… இந்தப் பெட்டியையும் ஒரு வாய் மாதிரி எதிர்ல வச்சுக்கிட்டு வலது, இடது போட்டிருக்கேன். எல்லாப் பொத்தானும் வேலை செய்யுதான்னுதான் சோதிச்சேன். கேம் ஆடிப் பாக்கல. எனக்கு ஆடத் தெரியாது."

திரும்பி வராத பல் செட்டுக்காரர் செய்த சாமான், பத்து நாளாகத் தப்பு. அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"அண்ணி, ரெண்டு ஒயர்தானே? மாத்திப் போட்டுடுங்க. அவனுக்குத் தெரியவே வேண்டாம். திடீர்னு கை சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கட்டும்" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்குச் சரியாச்சுன்னு நினைச்சா, நாளைக்கு மறுபடி போயிடுமோன்னு பயப்படுவார். அந்தக் கை பத்து நாளும் சரியாத்தான் இருந்திருக்கு. அது அவருக்குத் தெரிய வேண்டாமா?"

இந்த இடத்தில்தான் அவர் எனக்கு மேலே மேலே போய்விட்டார். நானாக இருந்தால் சத்தமில்லாமல் ஒயரை மாற்றிவிட்டு, நல்ல பெயரும் வாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது மேஜையிலிருந்து ஒரு சின்ன நீலக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டார். புதுப் பல் கட்டியதும் அதைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே அழுத்தம் படுகிறதோ அங்கே நீலப் புள்ளி விழும்.

சாயங்காலம் அண்ணனை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார். மூடியைக் கழற்றி, இரண்டு பொத்தான் மேலும் வெள்ளை டேப்பை ஒட்டி, அதன் மேல் நீலக் காகிதத்தைச் செருகி, மறுபடி மூடி, பெட்டியை அவன் கையில் கொடுத்தார். திரையை அணைத்துவிட்டார்.

"நான் சொல்ற பக்கம் சாய்ங்க. வலது."

"எதுக்கு இதெல்லாம்? அதான் முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சே."

"வலதுன்னு சொன்னேன்."

வலது என்று ஐந்து தடவை சாய்த்தான். அண்ணி ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். வலது டேப்பில் நீலம் அப்பியிருந்தது. இடது டேப் வெள்ளை வெளேர் என்று இருந்தது. புது டேப் ஒட்டி, இடது என்று ஐந்து தடவை. இந்த முறை இடது பக்கம் மட்டும் நீலம்.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை தப்பே பண்ணல" என்றார் அண்ணி. "தப்புப் பண்ணினது நான். ஒயரை மாத்திப் போட்டுட்டேன். குதிக்கணும்னு நீங்க நினைச்சப்போ எல்லாம் உங்க விரல் குதிக்கிற பக்கம்தான் போயிருக்கு. ஒவ்வொரு தடவையும். என்னை மன்னிச்சுடுங்க."

அண்ணன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாசக்கணக்கில் சட்டைப்பைக்குள் ஒளித்துவைத்திருந்த கை.

"பத்து நாளா என் நரம்பைத் திட்டிக்கிட்டு இருந்தேனேடி" என்றான். "உன்னையில்ல திட்டியிருக்கணும்!" சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான். அண்ணியும் சிரித்தார். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். பட்டாசு நனைந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கிண்டல். கடிதத்தைக் கேட்டான். அதை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

அண்ணி அங்கேயே உட்கார்ந்து ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குள்ளன் மூன்று மாடி ஏறிவிட்டான். அதற்குப் பிறகு வாரம் ஒரு ஸ்விட்ச் மாறியது. நாற்பது கிராம், அறுபது, நூறு என்று ஏறியது. கட்டைவிரல் நுனியில் ஊசி குத்துவது போல உணர்ச்சி திரும்ப ஆரம்பித்தது. அது வலித்தபோது அண்ணன் சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டு, "ஏய், வலிக்குதுடி!" என்றான். கோபுரத்தின் உச்சிக்குக் குள்ளன் போய்ச் சேர்ந்த அன்று கீழ்வீட்டில் இருந்த நானும் கை தட்டினேன்.

தேர்வு நாளில் நானும் அண்ணியும் கிடங்கு முற்றத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றோம். முப்பது அடி உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது. தரையில் சதுரமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தண்ணீர் நிரம்பிய ஒரு தொட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து, சிந்தாமல் அதற்குள் வைக்க வேண்டும். அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. தொட்டி எழும்பியது. மெதுவாக நகர்ந்து வந்தது. சதுரத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு, ஏதோ தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல இறங்கி உட்கார்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் அறையில் ஒரு படிவம் பாக்கி. கிளார்க் அம்மா, "நான் எழுதிக்கிறேன் சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

"வேண்டாம்மா" என்று பேனாவை அண்ணன் வலது கையில் வாங்கிக்கொண்டான். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். நான் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'கைக்குப் பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் அண்ணியின் பெயர். பக்கத்தில் 'தகுதி' என்ற கட்டத்தில், 'பல் செட் கட்டுபவர்'.

கிளார்க் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இந்த இடத்துல… கை தவறி எழுதிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றான் அண்ணன். "கை சரியாத்தான் எழுதியிருக்கு."